பத்து நிமிஷம் போதும் – டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பிள்ளைகளின் படிப்பைப் பற்றியவை. மீதி மழையையும் கிறிஸ்துமஸையும் பற்றியவை. நவம்பர் பிறந்தால் நம் பக்கத்தில் வேறு எதைப் பற்றி எழுதுவார்கள்? நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பலரும் கேட்டுக்கொண்டதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு முழு அதிகாரம், அப்புறம் நீண்ட ஜெபம் என்று கணவர் முக்கால் மணி நேரம் நடத்துவார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் தூங்கி விழுகிறான். போன வாரம் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். கணவர் நீதிமொழிகள் 22:6-ஐச் சொல்லித் திட்டினார். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பக்கம் பிரிக்க வேண்டாம், அம்மா. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு டியூஷன், பிறகு பள்ளிக்கூடம், சாயந்தரம் இன்னொரு டியூஷன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது மணிக்கு அந்தப் பையனுக்கு வேண்டியது தலையணை. அதோடு ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் படித்து இப்போது லேவியராகமம் 13-இல் நிற்கிறீர்களாம். 59 வசனம், அத்தனையும் குஷ்டரோகத்தின் அடையாளங்கள். எந்தத் தடிப்பு வெளுத்தது, யாரை ஏழு நாள் அடைத்துவைக்க வேண்டும் என்பதையெல்லாம் ராத்திரி ஒன்பதே காலுக்கு விழித்திருந்து கேட்கிற பையன் இருந்தால் அவனைத் தோல் டாக்டருக்குப் படிக்க வைக்கலாம்.

என் அப்பா தேரிக்காட்டு ஊர் ஒன்றில் சபையை நடத்தும் உபதேசியாராக இருந்தவர். சபையில் முக்கால்வாசிப் பேர் பனை ஏறுகிறவர்கள். விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டியவர்கள். பனைப் பருவம் தொடங்கிவிட்டால் மாலை ஜெபம் ஒரு சங்கீதம், ஒரு கேள்வி, ஒரு ஜெபம், அவ்வளவுதான். நீளமான வாசிப்பும் கதையும் பாட்டும் மரம் ஏறாத மழை மாதங்களுக்கு. அதனால் யாரும் அவரைப் பக்தி குறைந்தவர் என்று சொன்னதில்லை. அவர் கேட்கிற கேள்வியும் பெரிதாக இருக்காது. "இந்தச் சங்கீதக்காரன் எதுக்கு அழுறான்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். யாரும் பதில் சொல்லாமல் கலைந்த நாட்களும் உண்டு. மறுநாள் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு யாராவது வந்து, "உபதேசியாரே, நேத்து கேட்டீங்களே..." என்று ஆரம்பிப்பார்கள்.

உங்கள் கணவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பார் என்று எழுதியிருப்பதால் அவருக்கு நேராகவே சொல்கிறேன். தம்பி, நீதிமொழிகள் 22:6-ஐ மகனுக்குச் சொன்னீர்கள், சரி. கொலோசெயர் 3:21 உங்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது: "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." உபாகமம் 6:7-ஐயும் பாருங்கள். பிள்ளைகளிடம் தேவ வார்த்தையை எப்போது பேசலாம் என்று மோசே சொல்கிறார்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. டியூஷனுக்குப் பைக்கில் கொண்டுபோய் விடுகிற நேரமும் அதில் வரும். உங்கள் நீண்ட ஜெபத்தை யாரும் குறை சொல்லவில்லை. விடியற்காலையில் தனியாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபியுங்கள். அத்தை மாமா சித்தப்பா வீடுகளெல்லாம் அதில் வரட்டும்.

வீட்டு ஜெபத்துக்குப் பத்து நிமிஷம் போதும். சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். பகுதியை மகன் தேர்ந்தெடுக்கட்டும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் சண்டையைத் தேடி எடுத்தானென்றால் எடுக்கட்டும், அதுவும் வேதாகமம்தான். படித்து முடித்ததும் அவன் ஒரு கேள்வி கேட்கலாம், எதைக் கேட்டாலும் திட்டு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இது நிஜமா நடந்துச்சா?" என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், குடும்பத் தலைவர் பட்டம் பறிபோகாது. வாரத்தில் சில நாட்கள் அம்மா நடத்தட்டும். கதவு சாத்தியிருந்தால் ஒரு தடவை கூப்பிடுங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் அந்தப் பத்து நிமிஷத்தை முடியுங்கள். அவனுக்கும் பசிக்குமே, வெளியே வருவான்.

மகளுக்கு நீட் தேர்வுக்காகக் குடும்பமாக 40 நாள் உபவாசம் இருந்தோம். புது வருஷ ஆராதனையில் அவள் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று வந்தது. சபையிலும் சாட்சி சொன்னேன். ஆனால் கவுன்சிலிங் எல்லாச் சுற்றும் முடிந்தும் இடம் கிடைக்கவில்லை. இப்போது அவள் ஆலயத்துக்கே வர மறுக்கிறாள். கர்த்தர் வாக்கு மாறுவாரா?
– ஒரு தகப்பன், சாத்தான்குளம்

அண்ணாச்சி, உங்கள் கடிதம் இரண்டு பக்கம் இருக்கிறது. உபவாசம், அட்டை, சாட்சி, கட்-ஆஃப் எல்லாம் வருகிறது. மகள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு டாக்டராக ஆசை இருந்ததா, இல்லை உங்களுக்கா? இதைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு பேசினால் நானும் உங்களைப் போல அவளை விட்டுவிட்டு அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

அட்டைக்கு வருவோம். அந்த வசனம் உபாகமம் 28:13. யோர்தானைத் தாண்டுவதற்கு முன் மோவாபில் நின்றுகொண்டு மோசே ஒரு முழு ஜனத்துக்குச் சொன்னது. கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையும் அதே வசனத்தில் இருக்கிறது. அட்டையில் இடம் போதாததால் அது வருவதில்லை. அந்த அதிகாரத்தில் முதல் 14 வசனம் ஆசீர்வாதம். 15-இலிருந்து 68 வரை சாபம். 44-ஆம் வசனத்தில் மற்றவன் தலையாயிருப்பான், நீ வாலாயிருப்பாய் என்று திருப்பியும் போட்டிருக்கிறது. அதை எந்த அச்சகமும் அட்டையாக அடிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வாக்குத்தத்த அட்டை எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. டிசம்பர் 31 ராத்திரி நானும் வரிசையில் நின்று எடுக்கிறேன். அதை அந்த வருஷம் முழுக்கத் தியானிக்க ஒரு வசனம் என்று வைத்துக்கொள்வேன். ரேங்க் லிஸ்டாக வாசிக்க மாட்டேன்.

கணக்கையும் பாருங்கள். 2024-இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஏறக்குறைய இருபது பேருக்கு ஒரு இடம். அந்த 23 லட்சத்தில் எத்தனை வீட்டில் ஜெபித்திருப்பார்கள், எத்தனை வீட்டில் நேர்ந்திருப்பார்கள், துவா செய்திருப்பார்கள்! எல்லோருடைய மகளையும் கர்த்தர் தலையாக்க வேண்டும் என்றால் வால் யார்? அடுத்த தெருவில் இடம் கிடைத்த பிள்ளையின் அப்பாவும் சாட்சி சொல்வார். அவருடைய சாட்சி உண்மையானால் உங்கள் மகள் சபிக்கப்பட்டவளா? இந்தக் கேள்விதான் அவளை ஆலயத்துக்கு வரவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அவள் கர்த்தரோடு கோபித்துக்கொண்டாளோ என்னவோ, "எவ்வளவு மார்க், ஏன் கிடைக்கல" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிற பெரியவர்கள் மேல் நிச்சயம் கோபம் இருக்கும்.

கர்த்தர் மேலேயே கோபம் என்றாலும் பரவாயில்லை, அண்ணாச்சி. சங்கீதம் 13-ஐ அவளிடம் கொடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது நேரடியாகவே கேட்கிறார். அப்படிக் கேட்டதற்காக யாரும் அவரைச் சபையை விட்டு நிறுத்தவில்லை, அந்தக் கேள்வியைப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்தார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது: அவள் சம்மதிக்காமல் அவள் பெயரையும் மதிப்பெண்ணையும் ஜெபக்குறிப்பில் எழுதிக் கொடுக்காதீர்கள். இன்னொரு வருஷம் கோச்சிங்குக்கு அனுப்புவதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். நர்சிங், பிசியோதெரபி, ஆய்வகப் படிப்பு என்று மருத்துவமனைக்குள் போக டாக்டர் வாசல் தவிர வேறு வாசல்களும் உண்டு. அவளுக்கு அதெல்லாம் வேண்டாம், வரலாறு படிக்கிறேன் என்றால் அதற்கும் கல்லூரி இருக்கிறது. இயேசுவானவருக்குப் பன்னிரண்டு வயதில் நடந்ததை லூக்கா எழுதுகிறார், அப்புறம் ஏறக்குறைய முப்பது வயதில்தான் மறுபடி ஆரம்பிக்கிறார். நடுவில் இருந்த காலத்துக்கு ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார் என்று ஒரே வரி. எந்தப் பரீட்சையில் எத்தனையாவது ரேங்க் என்று இல்லை. அதோடு, சாட்சி சொன்ன அதே மைக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை "என் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை, நாங்கள் இன்னும் கர்த்தரை நம்புகிறோம்" என்று நீங்கள் சொன்னால், அதைக் கேட்கக் காத்திருக்கிற குடும்பங்கள் உங்கள் சேகரத்துச் சபைகளில் நிறைய உண்டு. ஆனால் இதையும் அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

டீச்சர், கிறிஸ்துமஸ் எப்பவும் டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஏன் வருஷா வருஷம் மாறுது? அப்பாவோட பழைய காலண்டரில் 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20 என்று இருக்கு. சண்டே கிளாஸில் கேட்டேன், அது அப்படித்தான் என்றார்கள்.
– ஏழாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பழைய காலண்டரை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாயா? சபாஷ், பாப்பா. "அது அப்படித்தான்" என்பது பதில் இல்லை, நீ கேட்டது சரி.

இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில். பஸ்கா நிலாக் கணக்கில் வருவது, பௌர்ணமியை ஒட்டி. ஆகவே உயிர்த்தெழுந்த நாளும் நிலாவோடு சேர்ந்து நகர்கிறது. ஆரம்பத்தில் ஊருக்கு ஊர் வேறு வேறு நாளில் கொண்டாடினார்கள். 325-இல் நிசேயா நகரத்தில் கூடிய சபைத் தலைவர்கள் எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நாம் பின்பற்றுகிற விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வருகிற முதல் பௌர்ணமியைப் பிடி. அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அதற்கு அடுத்த ஞாயிறு.

உன் காலண்டரிலேயே சோதித்துப் பார். 2024-இல் பௌர்ணமி மார்ச் 25, திங்கள். அடுத்த ஞாயிறு 31. 2025-இல் பௌர்ணமி ஏப்ரல் 13, அது ஞாயிறு. அதனால் ஒரு வாரம் தள்ளி 20. இந்தக் கணக்கில் ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னாலும் வராது. சபை இதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, வானத்து நிலாவுக்கும் பட்டியலுக்கும் சில சமயம் ஒரு நாள் வித்தியாசம் வரலாம். ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னால் போனால் சாம்பல் புதன். லெந்து காலம் 40 நாள்தானே என்று கேட்பாய். நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிடு.

கிறிஸ்துமஸ் தேதி வேதாகமத்தில் கிடையாது. டிசம்பர் 25 சபை பின்னால் வைத்துக்கொண்ட நாள், சூரியக் காலண்டரில் நிற்கிறது, ஆகவே நகர்வதில்லை. அடுத்த பெரிய வெள்ளி ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பார். பெரிய நிலாவாக இருக்கும். கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கிய ராத்திரியும் இருட்டாக இருந்திருக்காது என்று அப்போது உனக்குத் தோன்றும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் வந்தது. அதிலிருந்து நவம்பர் பிறந்தாலே மாமியாருக்குத் தூக்கமில்லை. ராத்திரி மழை பெய்தால் எழுந்து வாசலில் நிற்கிறார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாக வருகிற கீத பவனி இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இது விசுவாசக் குறைவு" என்று சங்கத்துப் பெண்கள் பேசுகிறார்கள். அப்படியா?
– மருமகள், ஏரல் அருகில்

இல்லை. நெஞ்சளவு தண்ணீரைப் பார்த்தவர் மழைச் சத்தத்துக்கு எழுந்து வாசலில் நிற்பது விசுவாசக் குறைவு ஆகாது. அவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் – சென்னை ரயில் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஏரல் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. வெள்ளம் வடிந்து சேறு வாரி முடியுமுன்னே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. மெத்தை, அரிசி, பிள்ளைகளின் சர்டிபிகேட், அலமாரியில் இருந்த வேதாகமம் எல்லாம் ஊறிப்போன வீட்டில் நட்சத்திரம் கட்டச் சொன்னால் யாருக்குக் கை வரும்? உங்கள் மாமியாருக்கு டிசம்பர் என்றால் அந்த வாசனையும் சேர்ந்தேதான் வரும்.

ஆதியாகமம் 8:22-ஐ நாம் விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகையில் வாசிக்கிறோம்: "பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை." பூசணிக்காயும் சேவலும் ஏலம் விடுகிற சந்தோஷத்தில் இது எங்கே வருகிறது என்பதைக் கவனிப்பதில்லை. வெள்ளத்திலிருந்து இறங்கிய நோவாவின் குடும்பம் ஈரத் தரையில் நின்றபோது வருகிற வார்த்தை அது. இனி மழையே பெய்யாது என்று அதில் இல்லை, மாரிகாலம் தொடரும் என்றுதான் இருக்கிறது. அந்தக் குடும்பம் அடுத்த மழைக்கு எப்படி நடுங்கியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அடுத்த அதிகாரத்தில் மேகத்தில் வானவில்லை வைத்து, அதைப் பார்த்து நானே நினைவுகூருவேன் என்று தேவன் சொல்கிறார். நினைவு வைக்கும் பொறுப்பைத் தம் பக்கம் எடுத்துக்கொள்கிறார். மாமியாரிடம் இதை ஒரு மழை இல்லாத மத்தியானத்தில் பேசுங்கள். ராத்திரி மழையில் பேச வேண்டாம், அப்போது பக்கத்தில் போய் நின்றால் போதும்.

அதோடு கைக்கு வேலையும் கொடுங்கள், பயத்துக்கு அது நல்லது. ரேஷன் கார்டு, பத்திரம், சர்டிபிகேட், ஞானஸ்நானச் சான்று எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் அலமாரியில் வைக்கட்டும். டார்ச், மாத்திரை, ஒரு மாற்றுத்துணி கொண்ட பை வாசலருகே இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் எண் 1077-ஐ எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள். யார் வீட்டு மாடிக்குப் போவது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். தூக்கமின்மை மாதக்கணக்கில் போகிறது என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். அதற்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை.

கீத பவனி விஷயம். நம் பையன்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டிரம் அடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார்கள். தூக்கத்தில் கதவு இடிபட்டால் அவருக்கு எந்த ராத்திரி ஞாபகம் வரும்? வாலிபர் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்: சாயந்தரம் ஆறு மணிக்கு, டிரம் இல்லாமல், நாலைந்து பேர், ஒரே ஒரு பாட்டு. மாமியார் அதற்கும் வேண்டாம் என்றால் இந்த வருஷம் வேண்டாம். சங்கத்துப் பெண்கள் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாராவது வற்புறுத்தினால் டீச்சரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் முழுக்கத் துணி எடுக்க வட்டிக்கு வாங்கலாம் என்கிறார் கணவர். கௌரவம் என்கிறார்.
– தூத்துக்குடி

வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் எடுங்கள். உங்கள் பட்டுச்சேலையை போன வருஷமும் பார்த்தார்களே என்று யாரும் டைரியில் குறித்துவைக்கவில்லை. சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும் இருந்தால் வீட்டிலேயே முந்திரிக்கொத்து சுடலாம், பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கலாம். ஜனவரியில் வட்டி கேட்டு வருகிறவர் வாசலில் நிற்கும்போது கௌரவம் எங்கே போகும் என்று கணவரிடம் கேளுங்கள், அவ்வளவுதான்.

ஞாயிறு பள்ளியில் யாக்கோபு 5:7 நடத்தினேன். பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறான் என்றதும், "அது நம்ம ஐப்பசி மழையா சார்?" என்று கேட்டார்கள். பாடப் படத்தில் அறுப்பின் பண்டிகை என்று ஆப்பிள் கூடையும், கிறிஸ்துமஸ் என்று பனியும்தான் இருக்கின்றன. எப்படி விளக்குவது?
– ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், அம்பாசமுத்திரம் பக்கம்

தம்பி, உங்கள் ஊரில் இதைச் சொல்லிக் கொடுப்பது மிகவும் சுலபம். அந்தப் படங்கள் இங்கிலாந்தில் வரைந்தவை. அங்கே அறுப்பு முடிந்து நன்றி செலுத்துவது செப்டம்பர், அக்டோபரில். அந்தச் சமயத்தில் உங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் பிசான நெல் சாகுபடிக்கு வயலைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். படத்தை மூடிவைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து காட்டுங்கள்.

இயேசு நடந்த நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை அநேகமாக மழையே கிடையாது. மண் சுட்டுக் கெட்டியாகக் கிடக்கும். அக்டோபர், நவம்பரில் முதல் மழை விழுந்து மண்ணை இளக்கினால்தான் ஏர் இறங்கும், வாற்கோதுமையும் கோதுமையும் விதைப்பார்கள். அதுதான் முன்மாரி. குளிர்காலம் முழுக்க நல்ல மழை. மார்ச், ஏப்ரலில் கடைசி மழை, அது கதிரில் பால் பிடித்து மணி திரள உதவுகிறது. அதுதான் பின்மாரி. பஸ்காவை ஒட்டி வாற்கோதுமை அறுப்பு, பெந்தெகொஸ்தேயை ஒட்டிக் கோதுமை அறுப்பு. ரூத் பெத்லகேமுக்கு வந்து கதிர் பொறுக்கியது வாற்கோதுமை அறுப்பில்.

இப்போது தாமிரபரணிக் கரையை வையுங்கள். பிசானம் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியில், அறுப்பு மாசி, பங்குனியில். விதைப்பு மாதமும் அறுப்பு மாதமும் இங்கிலாந்தைவிட பெத்லகேமுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! ஐப்பசி மழையா என்று கேட்ட பிள்ளைக்கு "கிட்டத்தட்ட ஆமா" என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள், அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். "தை, மாசியில் கதிர் சாய்ந்து நிற்கும்போது மழை பெய்தால் உங்க அப்பா என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். திட்டுவார் என்பார்கள். நெல் முளைத்துப்போகும், அறுப்பு இயந்திரம் சேற்றில் இறங்காது. யாக்கோபின் விவசாயி எதிர்பார்த்து நிற்கிற கடைசி மழை, நம் விவசாயி வரக்கூடாதென்று நினைக்கிற மழை. இதைப் பேசிவிட்டால், பயிரிடுகிறவனுடைய பொறுமை என்பது சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல, தன் மண்ணையும் மாதத்தையும் தெரிந்துகொண்டு காத்திருப்பது என்று பிள்ளைகளுக்கே விளங்கும். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டுப் பன்னிரண்டு தமிழ் மாதங்களை எழுதுங்கள். உள்வட்டத்தில் பெத்லகேம் வேலைகள், வெளிவட்டத்தில் அம்பாசமுத்திரம் வேலைகள். ஒரு பிடி நெல்லும் ஒரு பிடி கோதுமையும் கொண்டுபோங்கள். கோதுமையை மாவாக மட்டும் பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள்.

எனக்கு 71 வயது. பேத்தியிடம் சொல்லி இதை எழுதுகிறேன். சின்ன வயதில் மாசி பிறந்தால் அப்பாவோடு பனங்காட்டுக்குப் போய்விடுவோம். விடிலிக் குடிசையில் அம்மாவோடு பதனீர் காய்ச்சுவேன். ஆடி முடிந்து திரும்பினால் பள்ளிக்கூடத்தில் பாடம் எங்கேயோ போயிருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது, எழுத்தும் மறந்துவிட்டது. சங்கீதங்கள் மனப்பாடமாகத் தெரியும், ஆனால் வேதாகமத்தைத் திறந்தால் படிக்கத் தெரியாது. இனிமேல் படிக்க முடியுமா?
– திசையன்விளை

முடியும், அக்கா. முடியாது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. முப்பது பிள்ளைகளை வைத்து அனா ஆவன்னா நடத்தியவள் சொல்கிறேன், உங்களிடம் அந்தப் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் எழுத்தையும் புதிதாகப் படிக்க வேண்டும், வாக்கியத்தையும் புதிதாகப் படிக்க வேண்டும். உங்களுக்கு வாக்கியம் முழுக்க ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

ஆகவே அரிச்சுவடியில் ஆரம்பிக்க வேண்டாம். பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கண்ணைச் சோதித்துவிடுங்கள், கண்புரை இருந்தால் எழுத்து மேல் பழி போட்டுக்கொண்டிருப்பீர்கள். சங்கீதம் 23-ஐத் திறந்து பேத்தியை முதல் வசனத்தின் கீழ் விரலை வைக்கச் சொல்லுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." நீங்கள் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல அவள் விரலை நகர்த்தட்டும். அப்புறம் நீங்கள் விரலை வையுங்கள். "கர்த்தர்" என்ற சொல் அந்தப் பக்கத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். க, ர், த என்று மூன்று எழுத்து அப்போதே பிடிபட்டுவிடும். "மேய்ப்பராயிருக்கிறார்" நீளமாகப் பயமுறுத்தும், நம் வேதாகமத்தில் அப்படிச் சேர்த்து எழுதிய சொற்கள் நிறைய. பென்சிலால் கோடு போட்டு மூன்று துண்டாக்கிக்கொள்ளுங்கள். வேதாகமத்தில் பென்சில் கோடு போடுவது பாவமில்லை. ஜ, ஸ, ஷ, ஹ எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதையும் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பேத்திக்கும் வீட்டுப்பாடம் இருக்கும். 23 முடிந்ததும் 117-க்குப் போங்கள், இரண்டே வசனம், சங்கீதங்களிலேயே சின்னது. பிறகு 121. அதன் பிறகு உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியாத ஒரு பகுதியை எடுங்கள், மாற்கு சுவிசேஷம் நல்லது, வாக்கியம் குட்டை. அங்கேதான் நிஜமான படிப்பு தொடங்கும், சிரமமாகவும் இருக்கும். பேத்தி அவசரப்பட்டுச் சொல்லிக் கொடுக்க வருவாள், நீங்களே எழுத்துக் கூட்டும் வரை வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

படித்த கதையை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அக்கா. அதில் உங்கள் பெயரையாவது நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.